எதுவரைக்கும், கர்த்தாவே? நிச்சயமில்லாத நாட்களில் விசுவாசத்தால் தேறுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எரேமியா 28-ஆம் அதிகாரத்தில், எருசலேம் ஆலயத்தில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு தீர்க்கதரிசிகள் எதிரெதிரே நிற்கிறார்கள். கி.மு. 597-இல் பாபிலோனியர் ராஜாவையும் ஆயிரக்கணக்கான ஜனங்களையும் சிறைபிடித்துக்கொண்டு போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. போனவர்கள் திரும்புவார்களா? எல்லார் மனதிலும் அந்த ஒரே கேள்வி. அனனியா என்பவன், "இரண்டே வருடம்" என்று கர்த்தருடைய பெயரால் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். எரேமியா, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் ஆசை அதுதான். ஆனால் சிறைப்பட்டவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இருந்த கணக்கு எழுபது வருடம்.

அந்தக் கடிதம் கேட்பதற்கு இனிப்பாக இல்லை. இருந்தாலும் பாபிலோனில் இருந்தவர்களை உயிரோடு வைத்தது அதுதான். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று இன்றைக்குச் செய்ய வேண்டியதை அது சொன்னது. அனனியா தந்த ஆறுதலில் ஒரு தேதி மட்டும் இருந்தது. அந்தத் தேதி தாண்டியபின் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. வேலை போகுமா, பரிசோதனை முடிவு எப்படி வரும், திருமணம் அமையுமா, பிரிந்துபோனவர் திரும்புவாரா என்று தெரியாமல் நிற்கிறவருக்குக் கிறிஸ்தவ விசுவாசம் தேதி தருவதில்லை. இன்றைய நாளுக்கான பலத்தையும், கூட இருக்கிற ஒருவரையும் தருகிறது. தேதியைத் தேடிக்கொண்டே இருந்தால் இந்த இரண்டும் கண்ணில் படாமலே போய்விடும்.

தமிழ் வேதாகமத்தில் "தேற்றரவு" என்றும், பரிசுத்த ஆவியானவருக்குத் "தேற்றரவாளன்" என்றும் ஒரு நல்ல சொல் இருக்கிறது. தேறுதல் என்றால் ஆறுதல் அடைவது. நோயிலிருந்து மீண்டு உடம்பில் பலம் ஏறுவது. கலங்கிய நீர் தெளிவது. "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று சங்கீதக்காரன் கேட்கும்போது இந்தக் கடைசிப் பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய நீரைக் கையால் அளைந்து தெளியவைக்க முடியாது. அசைக்காமல் வைக்க வேண்டும், நேரம் கொடுக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் தேவைப்படுபவை

அச்சில் உள்ள வேதாகமம் ஒன்று. கைப்பேசியில் வாசித்தால் மூன்றாவது வசனத்தில் ஒரு செய்தி வந்து விழும்; கவலையில் இருக்கிற மனம் உடனே அங்கே ஓடிவிடும். பழைய மொழிபெயர்ப்பில் வாசித்துப் பழகியவர்கள், எளிய நடையில் உள்ள இன்னொரு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது வாசிப்புப் பகுதியில் வரும். சுமார் 100 பக்க நோட்டுப்புத்தகம் ஒன்று, பேனா ஒன்று, நாளுக்கு 25 நிமிடம், உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு ஆள். ஆறு வாரங்களுக்கு இவை போதும்.

படி 1: உடம்பிலிருந்து தொடங்குங்கள்

1 இராஜாக்கள் 19-இல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவன் அனுப்பிய தூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் தூங்கிவிட்டார். தூதன் இரண்டாவது தரமும் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதன்பிறகுதான் ஓரேப் மலைக்குப் பயணம், மெல்லிய சத்தம், புதிய வேலை எல்லாம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் வாரம் ஆவிக்குரிய இலக்கு எதையும் பெரிதாக வைக்க வேண்டாம். ஒரே நேரத்தில் படுக்கப் போவது, கைப்பேசியை வேறு அறையில் வைப்பது, பசி இல்லாவிட்டாலும் வேளைக்குக் கொஞ்சம் சாப்பிடுவது, நாளுக்கு அரை மணி நேரம் நடப்பது. ஐந்து நாள் சரியாகத் தூங்காதவர் உபவாசம் தொடங்குவதும் முழு இரவு ஜெபத்துக்குப் போவதும் இந்தக் கட்டத்தில் வழக்கமாக நடக்கும் தவறு. தூக்கம் கெட்ட மனதுக்கு எல்லாமே ஆபத்தாகத் தெரியும். அந்தப் பயத்தைத் தேவனுடைய எச்சரிப்பு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உபவாசம் நல்லதுதான், தேறிய பிறகு செய்யலாம்.

படி 2: தெரியாதது எது என்று எழுதி, தேவனுக்கு முன் விரியுங்கள்

ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் உறுதியாகத் தெரிந்தவை. இரண்டாவதில் இன்னும் தெரியாதவை. மூன்றாவதில் மனம் தானாகச் சேர்த்துக்கொண்ட முடிவுகள். உதாரணமாக, "நிறுவனத்தில் ஆட்குறைப்பு அறிவித்திருக்கிறார்கள்" என்பது முதல் பத்தி. "என் பெயர் பட்டியலில் இருக்கிறதா?" என்பது இரண்டாவது. "இனி எனக்கு வேலையே கிடைக்காது, பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும்" என்பது மூன்றாவது. எழுதும்போது பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது பத்திதான் நீளும். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது எது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்ததாக எசேக்கியா ராஜா செய்ததைச் செய்யுங்கள். அசீரியரின் மிரட்டல் கடிதம் வந்ததும் அவர் அதை வாசித்தார், ஆலயத்துக்குப் போனார், கர்த்தருக்கு முன்பாக அதை விரித்தார் (2 இராஜாக்கள் 19:14). அந்தத் தாளை மேசையில் விரித்து வையுங்கள். மருத்துவ அறிக்கையோ வங்கிக் கடிதமோ இருந்தால் அதையும் வையுங்கள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, சத்தமாக, அலங்காரம் இல்லாமல் சொல்லுங்கள். "எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்று பவுல் எழுதினார். தெரியப்படுத்துவதுதான் உங்கள் வேலை. என்ன செய்ய வேண்டும் என்று தேவனுக்குத் திட்டம் போட்டுக்கொடுக்கும் பாரம் உங்கள்மேல் இல்லை. பத்து நிமிடம் போதும்.

முழங்காலில் நின்று ஒரே பயத்தை ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிச் சொல்லி, தொடங்கியதைவிடக் கலங்கி எழுந்திருப்பது பலருக்கும் நடக்கிறது. அது ஜெபத்தின் உருவில் கவலைப்படுவது. இதற்குத்தான் தாள் உதவுகிறது. வரி முடிந்தால் ஜெபமும் முடியும். தாளை மடித்து வேதாகமத்துக்குள் வையுங்கள். அடுத்த வாரம் அதே நாளில் எடுத்தால் போதும்.

படி 3: புலம்பக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

துன்பத்தில் ஸ்தோத்திரம் மட்டுமே சொல்ல வேண்டும், கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று சிலருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. வேதாகமம் அப்படி இல்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தவை. சிலுவையில் இயேசு சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. புலம்பலுக்கும் முறுமுறுப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முறுமுறுக்கிறவர் தேவனைப் பற்றி மற்றவர்களிடம் பேசுகிறார். புலம்புகிறவர் தேவனிடமே பேசுகிறார். கோபத்தோடு பேசினாலும் முகம் அவர் பக்கம்தான் இருக்கிறது.

13-ஆம் சங்கீதத்தை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு தரம் வருகிறது. அடுத்த இரண்டில் கோரிக்கை: "நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்", "என் கண்களைத் தெளிவாக்கும்". கடைசி இரண்டில் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்". நடுவில் பிரச்சினை தீர்ந்ததாக ஒரு வார்த்தையும் இல்லை. சத்துரு அப்படியே இருக்கிறான். திரும்பியது தாவீதின் முகம் மட்டும்.

இதே வடிவத்தில் உங்கள் சங்கீதத்தை எழுதுங்கள். சுமார் 15 நிமிடம் ஆகும்.

1. "எதுவரைக்கும்" என்று தொடங்கும் நான்கு வரிகள். ஒவ்வொன்றும் குறிப்பாக இருக்கட்டும். "எதுவரைக்கும் இந்தக் கஷ்டம்" என்பதைவிட "எதுவரைக்கும் ஒவ்வொரு அழைப்பு வரும்போதும் என் கை நடுங்கும்" என்பது நல்ல வரி.
2. இரண்டு கோரிக்கைகள். ஒன்று சூழ்நிலை மாறுவதற்கு, இன்னொன்று உங்களுக்குள் தேவைப்படுவதற்கு.
3. தேவனைக் குறித்து இன்றைக்கு உண்மையாகச் சொல்ல முடிகிற ஒரு வரி. "நீர் நல்லவர்" என்று சொல்ல வாய் வரவில்லை என்றால் "நீர் நல்லவர் என்று என் சபை பாடுகிறது, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதுங்கள். அதுவும் ஜெபம்தான்.

மூன்றாவது பகுதி வராத நாட்களும் இருக்கும். அதற்கென்றே 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அதில் திருப்பமே இல்லை. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் "இருள்". வெளிச்சம் என்று சொல்ல இருப்பது முதல் வரியில் உள்ள "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்ற அழைப்பு மட்டுமே. அப்படிப்பட்ட ஒரு பாட்டையும் வேதாகமத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆகவே இருளில் முடிந்த ஜெபத்தை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கலாம். ஒட்டவைத்த "அல்லேலூயா" தேவையில்லை.

புலம்பல் புத்தகம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. எருசலேம் எரிந்துபோன பிறகு எழுந்த ஐந்து பாடல்கள் அவை. முதல் நான்கும் எபிரெய அகரவரிசையில் அமைந்தவை. அந்த மொழியில் 22 எழுத்துகள். 1, 2, 4 அதிகாரங்களில் எழுத்துக்கு ஒரு வசனம். மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66. நகரம் இடிந்து கிடக்கிறது, பாடுகிறவரோ எழுத்து எழுத்தாக வரிசை பிடித்து அழுகிறார். துக்கத்துக்கு ஒரு கரை கட்டிக்கொடுத்தால் அது ஆளை அடித்துக்கொண்டு போகாது. நீங்களும் 15 நிமிடத்துக்குக் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் நோட்டை மூடி, எழுந்து, முகம் கழுவுங்கள். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற புகழ்பெற்ற வசனம் (3:23) அந்தப் புத்தகத்தின் நடுப்பகுதியில், இரண்டு பக்கமும் இடிபாடு சூழ நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது.

படி 4: சூழலோடு வாசியுங்கள்

கலங்கிய நேரத்தில் வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. தேவன் எதையும் பயன்படுத்த வல்லவர். ஆனால் இந்த முறையில், பிடித்த வசனம் விழும்வரை மறுபடி மறுபடி திறப்போம். பயமுறுத்தும் வசனம் விழுந்தால் ஒரு வாரம் நடுங்குவோம். தனி வசனத்தை வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொள்வதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று வருகிறது. இதைத் தனியாக வாசித்தால், நான் எதிர்பார்க்கும் வேலை, நான் எதிர்பார்க்கும் வரன், நான் எதிர்பார்க்கும் முடிவு எனக்குக் கிடைக்கும் என்றுதான் தோன்றும். எபிரெயத்தில் இருப்பது "எதிர்காலமும் நம்பிக்கையும்" என்ற பொருள் தரும் இரண்டு சொற்கள். எளிய மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அதோடு, இதற்கு முந்தின வசனத்தில்தான் எழுபது வருடம் வருகிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் எருசலேமை மறுபடி பார்த்திருக்க முடியாது. "உங்களுக்கு" என்பதும் ஒரு தனி ஆளுக்குச் சொன்னது இல்லை, ஒரு ஜனத்துக்குச் சொன்னது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு வாசித்தால் வசனம் சிறியதாகிவிடுவதில்லை; இன்னும் பலமாகிறது. நாம் நினைத்த முடிவு வராத வீட்டிலும் அது நிற்கும்.

பிலிப்பியர் 4:13-உம் அப்படியே. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதற்கு முந்தின இரண்டு வசனங்களில் பவுல் பேசுவது வெற்றியைப் பற்றி இல்லை. பட்டினியிலும் பரிபூரணத்திலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி. அந்தக் கடிதத்தை எழுதும்போது அவர் விலங்கில் இருந்தார். சாவா வாழ்வா என்றுகூட அவருக்குத் தெரியாது. தன் காரியம் எப்படி முடியும் என்று தெரிந்தவுடன் தீமோத்தேயுவை அனுப்பலாம் என்றிருக்கிறேன் என்று எழுதுகிறார் (2:23). "ஒன்றுக்குங்கவலைப்படாமல்" என்று சொன்னவரும் ஒரு முடிவுக்காகக் காத்திருந்தவர்தான்.

ஆறு வாரத்துக்கான வாசிப்பு, நாளுக்கு ஒரு பகுதி:

முதல் வாரம்: சங்கீதம் 13, 42, 43, 77, 88, 130, 131. கத்தோலிக்க வாசகர்கள் திருப்பாடல்கள் என்று தேடுங்கள்.
இரண்டாம் வாரம்: புலம்பல். முதல் இரண்டு நாள் முதல் இரண்டு அதிகாரங்கள். அடுத்த மூன்று நாள் மூன்றாம் அதிகாரம், நாளுக்கு 22 வசனம். பிறகு 4, 5.
மூன்றாம் வாரம்: யாத்திராகமம் 16, 17, 1 சாமுவேல் 23, 30, 1 இராஜாக்கள் 17, 18, 19.
நான்காம் வாரம்: எரேமியா 27, 28, 29, 31, 32, 33, ஏழாம் நாள் 29-ஐ மறுபடியும்.
ஐந்தாம் வாரம்: மத்தேயு 6, 26, யோவான் 11, 14, 15, 16, 17.
ஆறாம் வாரம்: பிலிப்பியர் நான்கு அதிகாரங்கள், ரோமர் 8 மூன்று நாளில், நாளுக்கு 13 வசனம்.

வாசிக்கும் முறைக்கு, 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கீகோ என்ற துறவி வகுத்த நான்கு படிகள் இன்னும் பயன்படுகின்றன: வாசி, சிந்தி, ஜெபி, அமைந்திரு. ஒருமுறை மனதுக்குள், ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று ஒரு வரி எழுதுங்கள். மனதில் தைத்த ஒரு வாக்கியத்தைக் கையால் எழுதி, அதையே ஜெபமாகத் திருப்புங்கள். கடைசியில் மூன்று நிமிடம் ஒன்றும் பேசாமல் இருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் சேர்த்து வாசிக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

படி 5: நாளுக்கு ஒரு ஓமர்

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த ஆகாரமான மன்னாவின் அளவு நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய இரண்டு லிட்டர். மறுநாளுக்கு எடுத்து வைத்தது புழுத்து நாறிப்போனது. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பு, ஓய்வுநாளுக்காக. இப்படி நாற்பது வருடம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற ஜெபத்திலும் அதே அளவுதான். அடுத்த வருடத்தைத் தாங்கும் பலம் இன்றைக்கு உங்களிடம் இல்லை என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை. அது இன்னும் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

காலையில் எழுந்ததும் கைப்பேசியைத் தொடுமுன் ஒரே கேள்வி: "இன்றைக்கு நான் செய்ய வேண்டிய அடுத்த காரியம் எது?" ஒன்றை மட்டும் எழுதி, அதற்காக மட்டும் ஜெபியுங்கள். விண்ணப்பம் அனுப்புவதாக இருக்கலாம், மருத்துவரிடம் நேரம் வாங்குவதாக இருக்கலாம். பகலில் பயம் வந்தால் மூச்சோடு சொல்லக்கூடிய ஒரு சிறு ஜெபம். கீழைத் திருச்சபைகளில் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவருவது: "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்." முதல் பாதி மூச்சை இழுக்கும்போது, இரண்டாம் பாதி விடும்போது, பத்துத் தரம்.

இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், அந்த நேரத்தில் எதையும் தீர்மானிக்காதீர்கள், எதையும் தேடிப் படிக்காதீர்கள். நோயைப் பற்றி இணையத்தில் தேடுவது இந்த நேரத்தில்தான் அதிகம் கெடுதல் செய்யும். மனதை அரிக்கும் காரியத்தை ஒரு வரியில் நோட்டில் எழுதி, "காலை" என்று பக்கத்தில் குறியுங்கள். மனப்பாடமான ஒரு சங்கீதத்தை, 23 அல்லது 121, மெதுவாகச் சொல்லுங்கள். வார்த்தையே வராவிட்டால் ரோமர் 8:26 இருக்கிறது: ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார். நீங்கள் பெருமூச்சு விட்டால் போதும்.

படி 6: எபெனேசர் பக்கம்

சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று அதற்கு எபெனேசர் என்று பெயரிட்டார். "இம்மட்டும்" என்பது நேர்மையான சொல். இனிமேல் என்ன நடக்கும் என்று அது சொல்லவில்லை. நோட்டின் கடைசிப் பக்கங்களை இதற்கு வையுங்கள். கடந்த காலத்தில் வழி தெரியாமல் நின்று, எப்படியோ கடந்துவந்த மூன்று நிகழ்ச்சிகளை வருடத்தோடு எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு இரவும் அன்று கிடைத்த ஒன்றை எழுதுங்கள். ஒருவர் கொண்டுவந்து கொடுத்த சாப்பாடு, வலி குறைந்த ஒரு மணி நேரம். மற்றவர்களுடைய சாட்சிகளை இதற்குப் பதிலாக வைக்காதீர்கள். சாட்சிக் கூட்டத்தில் சொல்லப்படுவது பெரும்பாலும் முடிந்த கதை. நீங்கள் கதையின் நடுவில் இருக்கிறீர்கள். ஒப்பிட்டால் சோர்வுதான் வரும்.

படி 7: தனியாகச் சுமக்காதீர்கள்

கெத்செமனேயில் இயேசு பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் கூட்டிக்கொண்டு போய், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சொல்லி, தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆள் வேண்டும் என்று கேட்பது பலவீனமான விசுவாசம் என்றால், அவர் கேட்டிருக்கமாட்டார்.

பெரிய கூட்டம் வேண்டாம். ஒருவர் முதல் மூன்று பேர். யாரைத் தேர்ந்தெடுப்பது? யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின் கெட்டது. கடைசியில் தேவனே அவர்கள்மேல் கோபப்பட்டார். ஆகவே கேட்கத் தெரிந்தவரை, சொன்னதைக் காப்பாற்றுகிறவரைத் தேடுங்கள். எதைக் கேட்கிறீர்கள் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்: "அண்ணா, எனக்குப் பதில் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் இருபது நிமிடம் கேட்டுவிட்டு, ஒரு ஜெபம் செய்தால் போதும்." இப்படிச் சொல்லாவிட்டால் அன்பானவர்கள்கூட அறிவுரையில் இறங்கிவிடுவார்கள். ஜெபக்குழுக்களுக்கு விண்ணப்பம் அனுப்பும்போது விவரம் குறைவாகப் போதும். மருத்துவ அறிக்கையையும் குடும்பச் சண்டையையும் அங்கே போட வேண்டாம்.

"உங்களுக்கு ஏதோ பாவம் இருக்கிறது, அதனால்தான் இது" என்று சொல்கிறவருக்கு யோவான் 9:3 பதில். குருடனாய்ப் பிறந்தவனைப் பார்த்து சீஷர் கேட்ட அதே கேள்வியை இயேசு அங்கே தள்ளிவிட்டார். தேதி குறித்துச் சொல்லி, அதற்குக் காணிக்கை கேட்கிறவரிடமிருந்து விலகி இருங்கள். நெருக்கத்தில் இருக்கிறவர் கடன் வாங்கியாவது கொடுத்துவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். அனனியா காசு கேட்டதாக எழுதியில்லை. இவர்கள் அதையும் கேட்கிறார்கள்.

படி 8: முடிவெடுக்க வேண்டியிருந்தால்

இயேசு சபைத் துறவிகளின் சபையை நிறுவிய இலொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் தந்த ஒரு விதி எந்தச் சபையாருக்கும் பொருந்தும்: மனம் வறண்டு இருண்டிருக்கும்போது, தெளிவாக இருந்த காலத்தில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. வேலையை விடுவது, ஊரை மாற்றுவது, உறவை முறிப்பது போன்றவற்றைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

தள்ள முடியாதவற்றுக்கு அப்போஸ்தலர் 16-ஐப் பாருங்கள். பவுலின் குழு ஆசியாவுக்குப் போகப் பார்த்தது, தடை. பித்தினியா, அங்கும் தடை. துரோவாவில் ஒரு தரிசனம். அதன்பின்னும் அவர்கள் சேர்ந்து பேசி நிச்சயித்துத்தான் மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டார்கள். போன இடத்தில் கிடைத்தது லீதியாளின் வீடும் உண்டு, சிறைச்சாலையும் உண்டு. மூடிய கதவு தண்டனை என்றோ, சிரமம் வந்தால் வழி தவறு என்றோ கணக்குப் போட முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. தகவலைச் சேகரியுங்கள், விஷயம் தெரிந்த இரண்டு பேரைக் கேளுங்கள், யாக்கோபு 1:5-இன்படி ஞானத்தைக் கேளுங்கள், ஒரு நாளைக் குறித்து முடிவெடுங்கள். நியாயாதிபதிகள் 6-இல் வரும் கிதியோனைப்போல் ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்பவர்கள், அவருக்குக் கட்டளை அதற்கு முன்பே தெளிவாகக் கிடைத்திருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

படி 9: எதுவும் உணராத நாட்களும், உதவி தேவைப்படும் நாட்களும்

மூன்றாம் வாரம் அளவில் பலருக்கும் எல்லாம் வறண்டுபோகும். வசனம் காகிதமாகத் தெரியும். அப்போது நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். உங்களால் பாட முடியாவிட்டாலும் ஆராதனைக்குப் போய் உட்காருங்கள், மற்றவர்கள் பாடட்டும். யுத்தத்தின்போது உயர்த்தியிருந்த மோசேயின் கை சோர்ந்தபோது அவரைக் கல்லின்மேல் உட்காரவைத்து ஆரோனும் ஊர் என்பவரும் கைகளைத் தாங்கினார்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சொன்ன தகப்பனின் பிள்ளைக்கும் இயேசு சுகம் தந்தார்.

வறட்சி வேறு, நோய் வேறு. இரண்டு வாரத்துக்குமேல் பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டே இருந்தால், எதிலும் விருப்பம் இல்லாமல் தூக்கமும் பசியும் கெட்டுப்போயிருந்தால், மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவசர மருத்துவ உதவியை நாடுங்கள். உடன் இருப்பவர்கள் அவரைத் தனியே விடாதீர்கள். பவுலின் பயணத்துணைகளில் ஒருவரான லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் எழுதியதும் சாப்பாட்டு ஆலோசனைதான். ஜெபிக்கிறேன் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் போதகராக இருந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

படி 10: ஒரு நிலம் வாங்குங்கள்

ஆறாவது வாரம் முடியும்போது உங்கள் கேள்விக்குப் பதில் வராமலே இருக்கலாம். அப்போது எரேமியா 32-ஐ மறுபடி எடுங்கள். பாபிலோனியப் படை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு, ஏறத்தாழ 200 கிராம் எடைக்கு, வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். வெள்ளி தராசில் நிறுக்கப்படுகிறது. முத்திரை போட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார், அநேக நாள் இருக்கும்படிக்கு.

உங்கள் அளவில் அப்படி ஒன்றைச் செய்யுங்கள். சிறியதாக இருக்கட்டும், கையை மீறிய செலவு வேண்டாம். நம்பிக்கை உண்மையாக இருந்தால் மட்டுமே அர்த்தமுள்ள ஒரு காரியமாக அது இருக்க வேண்டும். காய்க்கப் பல வருடம் ஆகும் ஒரு மரத்தை நடலாம். பாதியில் விட்ட படிப்புக்கு மறுபடி பெயர் கொடுக்கலாம். பேசாமல் இருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் எழுதலாம். உங்களைப்போல் காத்திருக்கும் இன்னொருவரிடம் போய், பதில் எதுவும் சொல்லாமல், வாரத்துக்கு இருபது நிமிடம் உட்காரலாம்.

பத்திரத்தைக் கொடுத்துவிட்டு எரேமியா செய்த ஜெபத்தையும் வாசியுங்கள். நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகப்போகிறது, நீரோ நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று, வாங்கிய பிறகும் குழம்பித்தான் நிற்கிறார். நோட்டின் அடுத்த வெள்ளைப் பக்கத்தில் தேதியைப் போட்டு, நீங்கள் செய்ததை ஒரு வரியில் எழுதி, உங்கள் குழப்பத்தையும் அதன்கீழே எழுதுங்கள்.